விதி முன்னதா, தொடர் முன்னதா?

ஆங்கிலத் தேர்வில் செய்வினைத் தொடரைச் செயப்பாட்டுவினையாக மாற்றி முழு மதிப்பெண் பெறும் மாணவர், அதே மொழியில் நான்கு வரி விண்ணப்பம் எழுதத் தயங்குவது நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் போன்ற ஊர்களில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். அங்கே வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. பெருநகர மாணவருக்கு வீடும் தெருவும் தரக்கூடிய பழக்கத்தை இவர்களுக்கு வகுப்பறை ஒன்றே தரவேண்டும். கற்பிக்கும் முறை தவறினால் அதனை ஈடுசெய்ய வேறு இடமில்லை.

தாய்மொழியின் இலக்கணத்தைப் பள்ளிக்கு வருமுன்பே நாம் பெற்றுவிடுகிறோம். திணை, பால், எண், இடம் என்னும் சொற்களை அறியாத குழந்தையும் 'அம்மா வந்தாள்' என்று பிழையின்றி எழுவாயும் பயனிலையும் இயையச் சொல்லும். இரண்டாம் மொழியில் நிலை வேறு. ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய்க்குரிய நிகழ்கால வினையின் இறுதியில் 'ஸ்' ஒலி சேரவேண்டும். தமிழ் வினைமுற்று ஆண்பால், பெண்பால் வேறுபாட்டையே காட்டிவிடும்; இந்த 'ஸ்' ஒலியோ அப்படி எதையும் காட்டுவதில்லை. விட்டுவிட்டாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. பிறகு அது எப்படி நினைவில் நிற்கும்? விதியைத் தொடக்க வகுப்பிலேயே ஒப்பித்தவர்கள் மேனிலை வகுப்பிலும் பேச்சில் அதைத் தவறவிடுகின்றனர். விதியை அறிதல் வேறு. பேசும் வேகத்தில் அது நாவில் வந்து நிற்றல் வேறு.

இச்சிக்கலுக்கு விடை தேடிய முயற்சிகளுள் உலகம் கவனித்த ஒன்று தென்னிந்தியாவிலேயே நிகழ்ந்தது. அக்காலப் பள்ளிகளில், எளிய தொடரமைப்புகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றையும் பலமுறை சொல்லவைக்கும் முறை வழக்கில் இருந்தது. வகுப்பில் முழங்கிய தொடர்கள் வெளியே உதவவில்லை என்பதைக் கண்ட என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்தார். இலக்கணப் பாடம் என்று தனியே எதுவும் இல்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து, ஆங்கிலத்திலேயே சிந்தித்து விடை காணச் செய்தனர். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கையில் இலக்கணம் தானே வளரும் என்பது அவர் கருத்து.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரின் மதிப்பீடு எந்தத் தரப்பையும் முழுமையாக மகிழ்விக்கவில்லை. தொடரமைப்புத் தேர்வில் பழைய முறையில் பயின்றோர் முந்தினர். சூழலோடு பொருந்திய இலக்கணத் தேர்விலும், சொல்வதெழுதுதலிலும் பிரபுவின் மாணவர்கள் முந்தினர். எதைப் பயிற்றுவித்தோமோ அதுவே விளைந்தது! பின்னர், 2000ஆம் ஆண்டில் நோரிஸ், ஒர்த்தேகா இருவரும் 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, விதியை வெளிப்படையாக விளக்குவது பெரிதும் பயன் தருகிறது என்றனர். ஆயினும் அவ்வாய்வுகளுள் பலவற்றின் தேர்வுகள், விதியறிவை அளப்பதற்கே ஏற்றவையாக இருந்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆகவே விதியைத் துறக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. வேலூர் - போளூர் சாலையில் உள்ள சந்தவாசலில் பேருந்து நேரங்களே நல்ல பாடமாகும். படவேட்டிலிருந்து புறப்படும் ஒருவர் காலை ஒன்பது மணிக்குள் வேலூரில் இருக்க எந்தப் பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்று கேட்டால், 'லீவ்ஸ்', 'ரீச்சஸ்' என்னும் சொற்கள் பலமுறை வந்தே தீரும். அதன்பின் ஆசிரியர் அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, இறுதி ஒலியை அடிக்கோடிட்டு, 'இது ஏன் வந்தது?' என்று கேட்கட்டும். ஐந்து நிமிட விளக்கம் போதும். பயன்படுத்திய பின் கேட்கும் விதிக்கு மனத்தில் ஓர் இடம் ஏற்கெனவே உருவாகியிருக்கும்.

தடையாக நிற்பது ஆசிரியரின் விருப்பமின்மையன்று, வினாத்தாள். தொடரை மாற்றுக, கோடிட்ட இடத்தை நிரப்புக என்றே வினாக்கள் அமைந்தால், அவற்றுக்கே பயிற்சியளிக்கும் ஆசிரியரைக் குறை கூறலாகாது. மாணவர் எழுதிய ஒரு பத்தியிலேயே அவர்தம் இலக்கணத்தை மதிப்பிடும் வினா வேண்டும். அதைத் திருத்த நேரம் கூடுதலாகும்; ஒரு நாளுக்குரிய விடைத்தாள்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்கவும் வேண்டும்.