கடலையும் கைக்கருவியும்

நமது நண்பர் ஒருவருடைய பேத்திக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சுத் திணறும். பட்சணத்தின்மேல் பிடித்தால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறதென்று சொல்லும் கைக்கருவி இருக்கிறதாமே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். வாத்தியாரிடம் யோசனை கேட்டால் பாடம் நடத்தாமல் விடுவோமா?

கருவி கற்பனையன்று. 2014-ம் வருஷத்தில் இஸ்ரேல் தேசத்துக் கன்ஸ்யூமர் பிஸிக்ஸ் கம்பெனியார் இத்தகைய கருவி செய்வதற்குப் பொது ஜனங்களிடம் முன்பணம் கேட்டபோது, 27 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களை அது பண்டத்தின்மீது பாய்ச்சுகிறது. தண்ணீர், கொழுப்பு, சர்க்கரை ஒவ்வொன்றும் அக்கிரணங்களில் தனக்குரிய பங்கை விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியில் எது குறைந்ததென்று பார்த்து, முன்பே அளந்து வைத்த கணக்குடன் ஒப்பிட்டு விடை சொல்கிறது.

வித்தை மெய்தான். ஆனால் அவ்வொளி மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும்; ஏராளமாய் உள்ள பொருளைத்தான் நம்பிக்கையாய்க் காட்டும். மாம்பழம் இனிக்குமா என்று சொல்லலாம். லட்டுக்குள் ஒளிந்த கடலைத் துணுக்கையோ, கீரையில் தங்கிய பூச்சி மருந்தையோ சொல்லாது. ஒரு துண்டு நறுக்கி வாயிலிட்டால் தெரிவதைச் சொல்வதற்கா இத்தனை டாலர்!

அமெரிக்காவில் வெளிவந்த நீமா என்னும் கருவி வேறு வகை. உணவில் ஒரு சிட்டிகையைச் சிமிழிலிட்டு ரசாயன முறையில் பரீட்சிப்பது. ஒவ்வொரு தடவையும் புதுச் சிமிழ் வேண்டும். கடலையைக் கண்டுபிடிக்கவென்றே அதில் ஒரு வகை வந்தது. ஆனால் அந்தச் சிட்டிகைக்கு மட்டுமே அது சாட்சி. தட்டின் மறுபக்கத்துக்கு ஜவாப்தாரியன்று.

பால்மானியை அறியாத இல்லத்தரசிகள் உண்டோ? தண்ணீர் கலந்த பாலில் அது தாழ்ந்து மிதக்கும். ஆயினும் ஆடையை எடுத்துவிட்டு, அளவறிந்து தண்ணீர் ஊற்றினால், அதே பால்மானி "நல்ல பால்" என்று சத்தியம் செய்யும்! குற்றம் கருவியுடையதன்று, அது அளப்பது பாலின் அடர்த்தியை. சுத்தத்தை அளப்பதாக நினைத்தவர்கள் நாம்தான்.

"வாங்க வேண்டாம்" என்றோம். "பண்டம் செய்தவரைக் கேளுங்கள். பதில் தெளிவாயில்லையேல் குழந்தைக்குக் கொடாதீர்கள். வைத்தியர் சொல்லியிருந்தால் அட்ரினலின் ஊசி எப்போதும் கைவசம் இருக்கட்டும்."

நண்பர் தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டாரே, ஸார்!"

"வரட்டும், மாம்பழத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.