கார் சார்ஜர் அப்புறம், முதல்ல உங்க வீட்டுல எர்த் இருக்கா?

"எலெக்ட்ரிக் கார் புக் பண்ணிட்டேன் டாக்டர். வீட்டுல தனியா சார்ஜர் வைக்கணுமா, இருக்கற ப்ளக்கே போதுமா?" ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துல இருந்து வர்றவங்க சுகர் ரிப்போர்ட்டை நீட்டினதும் அடுத்து கேக்கறது இப்போ இதுதான். கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்ல.

ஷோரூம்ல சொல்றது: "கீசர் போடற 15 ஆம்பியர் ப்ளக் இருக்குல்ல சார், அதுவே போதும்." யூடியூப்ல சொல்றது: "7.2 கிலோவாட் வால்பாக்ஸ் இல்லாம கார் வாங்கவே வாங்காதீங்க." ரெண்டு பேரும் வேகத்தைப் பத்தித்தான் பேசறாங்க. ராத்திரி முழுக்க நீங்க தூங்கிட்டு இருக்கறப்போ உங்க சுவத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருமே பேசறதில்ல.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடிச்சிடலாம். ஆம்பூர்ல இருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். தினமும் போய் வந்தா 100. சின்ன கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஆகறப்போ வீணாகறதையும் சேர்த்தா 17 யூனிட்னு வச்சுக்கோங்க. 15 ஆம்பியர் ப்ளக்ல 3.3 கிலோவாட் வரும், அஞ்சு மணி நேரத்துல வேலை முடிஞ்சது. வால்பாக்ஸ்ல ரெண்டரை மணி நேரம். நீங்க தூங்கற ஏழு மணி நேரத்துல எது முதல்ல முடிஞ்சா என்ன? வீட்டுல ரெண்டு கார் இருக்கு, இல்ல பெரிய பேட்டரி, இல்ல நடுராத்திரி வந்து விடியறதுக்குள்ள கிளம்பற தொழில், இவங்களுக்கு வால்பாக்ஸ் நியாயம். மத்தவங்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். அதோட வால்பாக்ஸ் வேணும்னா மின்வாரியத்துல கூடுதல் லோடு எழுதி வாங்கணும், த்ரீ பேஸ் தேவைப்படலாம். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கட்டண அடுக்கே மாறிடும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்போ ஷோரூம்காரர் சொன்னது சரியா? இல்ல. ப்ளக் போதும். ஆனா *அந்த* ப்ளக் போதாது.

ஐயன் பாக்ஸ் அரை மணி நேரம், கீசர் இருபது நிமிஷம். அதுக்காகப் போட்ட சாக்கெட் அது. கார் 15 ஆம்பியரை விடாம அஞ்சு மணி நேரம், எட்டு மணி நேரம் இழுக்கும். சாக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருக்கு, 0.2 ஓம் தடை இருக்குன்னு வைங்க. 15 ஆம்பியர் போனா அந்த ஒரு புள்ளியில மட்டும் 45 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் உருக்கற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதை பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சொருகி, மே மாச வேலூர் வெயில்ல காய்ஞ்ச சுவத்துல வச்சுட்டு நிம்மதியா தூங்கறீங்க. இதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேற. ஜன்னல் வழியா வயர் இழுத்து, மழை நாள்ல அதுமேல பாலிதீன் கவர் கட்டி. தயவுசெஞ்சு வேண்டாம்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் எர்த்.

நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணுமே இருக்காது. எர்த் வயர் இருந்தாலும் அது போய்ச் சேர்ற பைப் இருபது வருஷம் முன்னாடி புதைச்சது. பாலாத்துக்கரைத் தோல் பதனிடற ஊர்கள்ல நிலத்தடித் தண்ணி எவ்வளவு உப்புன்னு உங்களுக்குச் சொல்லணுமா? உப்பு மண்ணுல இரும்பு பைப் சீக்கிரம் அரிச்சுப் போகும். கோடையில மண் காய்ஞ்சா எர்த் இன்னும் பலவீனமாகும்.

கார் கம்பெனிக்காரனுக்கு இது தெரியும். அதனால பல காரோட சார்ஜிங் கேபிள் எர்த் இருக்கான்னு முதல்ல பார்க்கும். இல்லன்னா சிவப்பு லைட் போட்டு சார்ஜ் ஏத்த மாட்டேன்னு நிக்கும். வண்டியே உங்ககிட்ட வாய் விட்டுச் சொல்லுது, "இந்த வீடு பாதுகாப்பா இல்ல"ன்னு. நாம என்ன பண்றோம்? தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறோம். அவர் சாக்கெட்டைக் கழட்டி நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர்ல சேர்த்து முறுக்கிடறார். பச்சை லைட் எரியுது. அவருக்கு இருநூறு ரூபா, உங்களுக்கு சந்தோஷம். இதையே ஒரு அடாப்டராப் பண்ணி ஆன்லைன்லயும் விக்கறாங்க.

இதைத்தான் நான் கொலைவெறி வேலைன்னு சொல்றேன், வார்த்தையை யோசிச்சுத்தான் போடறேன். அந்த நியூட்ரல் வயர் எங்கயாவது ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா, 230 வோல்ட் நேரா காரோட பாடிக்கு வரும். கார் டயர் மேல நிக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. காலைல வாசல் தெளிச்ச ஈரத்துல செருப்பில்லாம வந்து கதவைத் தொடற ஆளுக்குத்தான் ஆகும். யார் அது? வாசல் தெளிக்கற அம்மா, ஸ்கூலுக்குக் கிளம்பற புள்ள, கார் துடைக்க வர்ற பையன்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு. உடம்பு வழியா பத்து மில்லி ஆம்பியர் போனாலே கை இறுகிடும், பிடிச்சதை விட முடியாது. அம்பது, நூறு மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா போனா இதயம் துடிக்கறதை விட்டுட்டு நடுங்க ஆரம்பிக்கும். அந்த நிலையில நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்தாத்தான் உயிர். ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு குறையும். ஆம்புலன்ஸ் பேரணாம்பட்டுக் குறுக்குச் சந்துக்குள்ள வந்து சேர்ற நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

"எம்.சி.பி. இருக்கே டாக்டர், டிரிப் ஆயிடும்ல?" ஆகாது. 20 ஆம்பியர் எம்.சி.பி.ன்னா 20,000 மில்லி ஆம்பியர். உங்களைக் கொல்ல நூறு போதும். அது பாட்டுக்கு சும்மா இருக்கும், ஏன்னா அது வயரைக் காப்பாத்த வச்சது. மனுஷனைக் காப்பாத்தறதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேணும். கசிவு அந்த அளவுக்கு வந்ததும் ஒரு நொடியில ஒரு சின்னப் பங்குக்குள்ள கரண்டைத் துண்டிக்கும். அதுலயும் கடைக்காரர் கொடுக்கற சாதாரண ஏ.சி. டைப் காருக்கு ஆகாது. கார் சார்ஜர்ல டி.சி. கசிவு வந்தா அது மரத்துப்போய் வேலை செய்யாமப் போகலாம். குறைஞ்சது டைப் ஏ கேளுங்க, அதோட 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கற வசதி சார்ஜர்லயே இருக்கான்னும் கேளுங்க. இல்லன்னா டைப் பி. விலை அதிகம்தான். பத்து லட்சத்துக்கு மேல கொடுத்து வண்டி வாங்கறவர் இதுல பேரம் பேசறதைப் பார்த்தா எனக்கு பிபி ஏறுது.

தோல் ஷெட் வச்சிருக்கற முதலாளிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. உங்க டிரம் மோட்டாருக்குத் தனி லைன், தனி ஸ்டார்ட்டர், சட்டப்படி ரெண்டு தனித்தனி எர்த். இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்கன்னா அதையெல்லாம் ஒழுங்கா வச்சிருக்கீங்க. அதே கை வீட்டுக்கு வந்ததும் பேத்தி விளையாடற போர்ட்டிகோவுல நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்குது. ஆபத்து நிரூபணம் ஆகற வரைக்கும் காத்திருக்காதே, முன்கூட்டியே தடுத்துக்கோங்கற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை 1996-ல சுப்ரீம் கோர்ட் இந்த நாட்டுச் சட்டமாக்கினதே நம்ம ஊர் தோல் கழிவு வழக்குலதான். வழக்கோட பேர்லயே வேலூர் இருக்கு. நாம மட்டும் இன்னும் கத்துக்கல.

இதுவரைக்கும் கார் வச்சிருக்கறவங்க கதை. இந்தப் பேச்சுல யாரும் ஸ்கூட்டரைச் சேர்க்கறதே இல்ல, எனக்கு இருக்கற உண்மையான ஆத்திரம் அங்கதான்.

2022 மார்ச் 26 அதிகாலை. வேலூர் சின்ன அல்லாபுரம். புதுசா வாங்கின எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப்போன ஒரு அப்பாவும் அவரோட 13 வயசு மகளும் திரும்ப எழுந்திருக்கல. புகையில மூச்சுத் திணறி இறந்துட்டாங்க. பேட்டரி தப்பா, வயரிங் தப்பான்னு எவ்வளவு நாள் வேணும்னாலும் சண்டை போடலாம். எதுவா இருந்தாலும் புகை வந்தது அவங்க தூங்கின வீட்டுக்குள்ள.

புகை வாசனை எழுப்பிவிடும்னு நம்பாதீங்க. தூக்கத்துல மூக்கு வேலை செய்யறது ரொம்பக் குறைவு. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் கால் துவளும், கதவு எங்கன்னு தெரிஞ்சாலும் நடக்க முடியாது. லித்தியம் பேட்டரி எரிஞ்சா ஹைட்ரஜன் ஃபுளோரைடு வேற வரும், நுரையீரலைப் புண்ணாக்கற அமில வாயு.

அந்த வருஷத் தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரி விதியான ஏ.ஐ.எஸ். 156-ஐ இறுக்கினாங்க. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்தது. நல்லது. ஆனா அது புது வண்டிக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய வண்டி பழைய வண்டிதான். வண்டியோட வந்த சார்ஜர் போய் பஜார்ல வாங்கின சார்ஜர் இருந்தா அதுக்கு எந்த விதியும் இல்ல.

ஷூ கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஒரு பொண்ணு அந்த ஸ்கூட்டரை எங்க நிறுத்துவா? வெளிய விட்டா திருட்டு பயம். ஒத்தை ரூம் வீடு, ஒரே கதவு. கதவை ஒட்டி வண்டி, பக்கத்துல சிலிண்டர், உள்ள நாலு பேர் தூங்கறாங்க. ஸ்கூட்டர் இழுக்கற கரண்ட் கம்மிதான், வயரைச் சூடாக்காது. அங்க பிரச்சனை இடம். தப்பிச்சு ஓட வேண்டிய ஒரே வழியில பேட்டரி நிக்குது. வசதி இருக்கறவருக்கு வால்பாக்ஸ், அவளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அப்புறம் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரு பேட்டி.

வீட்டு ஓனர்களே, இது உங்களுக்கு. வாடகைக்கு இருக்கறவங்க வெளிச்சுவர்ல ஒரு சாக்கெட் கேட்டா "கரண்ட் பில் எகிறும்"னு மறுக்கறீங்க. ஒரு சப்-மீட்டர் போட்டு யூனிட் கணக்கா வாங்கிக்கோங்க. மறுத்தா அவங்க வண்டியை விக்கப் போறதில்ல, உள்ள கொண்டு போய் சார்ஜ் போடுவாங்க. எரியறது உங்க கட்டடம்தான். அடுக்குமாடி சங்கங்களுக்கும் இதே பதில். வீட்டுல இருக்கற மின் இணைப்புலயே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு மத்திய மின்துறை 2022 ஜனவரி 14 வழிகாட்டுதல்லயே சொல்லியாச்சு. அது அனுமதி. உங்க வயரிங் நல்லா இருக்குன்னு யாரும் சர்டிபிகேட் கொடுக்கல.

"பெட்ரோல் வண்டியும்தான் எரியுது டாக்டர்." எரியுது, மறுக்கல. நான் எலெக்ட்ரிக் வண்டிக்கு எதிரி இல்ல. ராணிப்பேட்டையில ஸ்கூட்டர் செய்யறாங்க, பனப்பாக்கத்துல டாடா கார் ஆலைக்கு 2024-ல அடிக்கல் நாட்டினாங்க, நம்ம புள்ளைங்களுக்கு வேலை வருது. சிக்னல்ல நிக்கற ஆஸ்துமாக்காரங்களுக்கு நான் சொல்ற நல்ல சேதியும் அதுதான். ஆனா பெட்ரோல் பங்க்கை யாரும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ கொண்டு வரல.

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போடறாங்க, ஒண்ணும் ஆகலையே." முப்பது வருஷம் பீடி குடிச்சவர் என் முன்னாடி உக்காந்து சொல்ற அதே வசனம்.

சரி, என்ன பண்ணணும்? லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மீட்டர் போர்டுல இருந்து காருக்கு மட்டும் தனி லைன், 15 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், 32 ஆம்பியர் வால்பாக்ஸுக்குக் குறைஞ்சது 6. நடுவுல ஜாயின்ட் கூடாது. கம்பெனிகள்ல பார்க்கற நீல நிற இன்டஸ்ட்ரியல் சாக்கெட் கிடைச்சா அதையே போடுங்க, நம்ம பக்கம் கிடைக்காத பொருள் இல்ல. புது எர்த் குழி, அதுக்கு ஒரு மூடி, கோடையில தண்ணி. வேலை முடிஞ்சதும் "எல்லாம் ஓகே சார்"னு அவர் சொன்னா விடாதீங்க. எர்த் மீட்டர் வச்சு அளந்து எத்தனை ஓம்னு உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க. அந்த மீட்டர் இல்லன்னு சொல்றவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டு, வேற ஆளைப் பாருங்க. ஸ்கூட்டர்னா அவ்வளவு செலவு ஆகாது: வெளிச்சுவர்ல எர்த்தோட ஒரு சாக்கெட், ஒரு ஆர்.சி.சி.பி., வண்டிக்கு ஒரு சங்கிலிப் பூட்டு.

ஆர்.சி.சி.பி.யில 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. அமுக்கியும் ஆஃப் ஆகலன்னா அன்னைக்கு ராத்திரி சார்ஜ் போடாதீங்க, பஸ்ல போங்க.