மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளைத் தொடர்ந்து பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் போதெல்லாம், திறமைக்கு முதலிடமா மாவட்டத்துக்கு முதலிடமா என்ற வாதம் தலைதூக்குவது வழமை. ஆனால், மாவட்ட ஒதுக்கீட்டினால் நன்மையடைவதாகச் சொல்லப்படும் பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தோட்டப்புற மாணவர்கள் இதில் எங்கே நிற்கின்றனர் என்று கேட்போர் அரிது.

1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட வெளிப்படையான அநீதியாகும். அதனைத் தொடர்ந்து 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து மாணவர்களைப் பெரிதும் பாதித்தது. எனினும், மட்டக்களப்பு, மன்னார், அம்பாறை போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பலருக்கு அதே ஏற்பாடு பல்கலைக்கழக வாசலைத் திறந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. பின்தங்கிய பிரதேசங்களுக்குச் சலுகை வழங்கும் கொள்கை தவறானதன்று. அச்சலுகை எவரைச் சென்றடைகின்றது என்பதே கேள்வி.

இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகை விகிதாசாரப்படியும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம், கல்வியில் பின்தங்கியவையென அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படுகின்றது. ஊவாவின் இரு மாவட்டங்களும் இப்பட்டியலில் உள்ளன.

பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். இருபதில் ஒருவர் முஸ்லிம். மாவட்டத்துக்கான இடங்களைக் கணக்கிடும்போது லயன் அறைகளில் வாழ்வோரின் தலைகளும் எண்ணப்படுகின்றன. ஆயினும், அவ்விடங்களுக்குப் போட்டியிடும்போது தோட்டத்துப் பிள்ளை பதுளை, பண்டாரவளை நகரங்களின் வசதிமிக்க பாடசாலைகளின் மாணவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியுள்ளது. பிரஜாவுரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்திலும் இம்மக்கள் எண்ணிக்கைக்கு உதவினர். பலனை வேறு எவரோ பெற்றனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தபோதிலும், இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அத்தரத்தை எட்டாதவை. எனவே, பரீட்சை மண்டபத்துக்குச் செல்ல முன்னரே மருத்துவமும் பொறியியலும் அப்பிள்ளைக்கு எட்டாக்கனியாகி விடுகின்றன. மொனராகலையில் தமிழ்மொழிமூல மாணவர் தொகை மிகச் சிறியது என்பதால் நிலைமை இன்னும் மோசமானது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்திலும் பட்டம் வழங்கியுள்ளது. ஆனால், தேயிலை பறிப்பவரின் பிள்ளை அங்கு சென்று கற்பதற்கு வேண்டிய விஞ்ஞானப் பாடங்கள் அவரது பாடசாலையில் இல்லை.

வெளிநாட்டு அனுபவங்கள் இங்கு கவனத்திற்குரியவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு அரச பல்கலைக்கழக அனுமதியை உறுதிப்படுத்தியது. இன அடிப்படையிலான அனுமதியை அமெரிக்க உயர்நீதிமன்றம் 2023இல் நிராகரித்த பின்னரும், இனத்தைக் கணக்கிலெடுக்காத இத்தகைய வழி திறந்தே உள்ளது. தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ அனுமதியில் 7.5 வீத உள்ஒதுக்கீடு வழங்கியது. இரண்டிலும் அளவுகோல் மாணவர் கற்ற பாடசாலையே.

இங்கும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்தையாவது பாடசாலையின் தரத்தைக் கருத்திற்கொண்டு பகிர்வது குறித்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆராய வேண்டும். இது இன ஒதுக்கீடு அன்று. சியம்பலாண்டுவையிலும் பிபிலையிலும் வசதியற்ற பாடசாலையில் பயிலும் சிங்களப் பிள்ளைக்கும் இதனால் நன்மையுண்டு. பரீட்சைக்காகவே வசதி படைத்தோர் பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடம்மாறும் தந்திரமும் இதனால் பயனற்றதாகும்.

அதேவேளை, ஒதுக்கீடு மட்டும் போதாது. விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்த வெட்டுப்புள்ளியும் பயன்தராது. ஊவாவின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழிமூல விஞ்ஞானப் பிரிவுடன் கூடிய ஒரு பாடசாலையையேனும் உறுதிப்படுத்துவது மாகாணக் கல்வி அதிகாரிகளின் கடமையாகும். தேர்தல் காலத்தில் தோட்டங்களுக்கு வரும் அரசியல்வாதிகளிடம் மலையகப் பெற்றோர் கூரைத் தகட்டுக்கு முன்னதாகக் கேட்க வேண்டியதும் இதுவே.