தூரம் அதேதான்... நேரம் ஏறிப்போச்சு! டெல்லி-வாஷிங்டன் விமானம் நின்றது ஏன்?

சென்னை: டெல்லியில் இருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 1,760 கி.மீ. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு சுமார் 1,600 கி.மீ.தான். அதாவது டெல்லிக்காரருக்கு நம்ம சென்னையைவிட தாஷ்கண்ட் பக்கம்! ஆனால் 2025 ஏப்ரல் கடைசியில் அந்தப் பக்கத்து ஊர் விமானத்தையே இண்டிகோ நிறுத்திவிட்டது.

காரணம், நடுவில் இருக்கும் பாகிஸ்தான்.

பகல்காம் தாக்குதலில் 26 பேர் பலியான பிறகு, 2025 ஏப்ரல் 24-ந் தேதி இந்திய விமானங்களுக்குத் தன் வான்வழியை பாகிஸ்தான் மூடியது. 30-ந் தேதி இந்தியாவும் பதிலுக்கு மூடியது. அந்த ஆண்டு முழுக்க இரண்டு நாடுகளும் மாதா மாதம் தடையை நீட்டித்துக்கொண்டே வந்தன.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை

டெல்லியில் இருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் சுமார் 12,000 கி.மீ. ஏர் இந்தியா இடையில் எங்கும் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது. தடை வந்ததும் தெற்கே இறங்கி, அரபிக்கடலைத் தாண்டி, ஓமன் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. இப்படி நெடுந்தூர விமானங்களுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கூடியது.

ஒன்றரை மணி நேரம்தானே, ஒரு குட்டித் தூக்கம் போட்டால் போச்சு என்று தோணும். ஆனால் சிக்கல் டேங்கில் ஆரம்பிக்கிறது. அதிக நேரம் பறக்க அதிக எரிபொருள் வேணும். எரிபொருளும் ஒரு சுமை. அந்தச் சுமையைத் தூக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் எரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. பயணிகளையும் சரக்கையும் குறைக்கணும், இல்லாவிட்டால் வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பணும். அப்படித்தான் அமெரிக்கா போன சில விமானங்கள் ஆஸ்திரியாவின் வியன்னாவில் இறங்கின. இறங்கினால் கட்டணம். பைலட்டுக்கு வேலை நேர வரம்பு இருப்பதால் கூடுதல் ஆட்களும் தேவை.

கடைசியில் 2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் டெல்லி-வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியது. பழைய போயிங் 787 விமானங்களைப் புதுப்பிக்க அனுப்பியதால் வந்த பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம்.

யாருக்கு நஷ்டம்?

2019-ல் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகும் பாகிஸ்தான் இதையே செய்தது. அப்போது ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் ரூ.491 கோடி நஷ்டம் என்று ராஜ்யசபாவில் மத்திய அரசு தெரிவித்தது. இந்த முறை தடை ஒரு வருஷம் நீடித்தால் 60 கோடி டாலர் போகும் என்று அந்த நிறுவனம் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது.

பாகிஸ்தானும் தப்பவில்லை. மேலே பறக்கும் விமானங்களிடம் வாங்கும் கட்டணத்தில், சுமார் இரண்டு மாதத்திலேயே 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் நஷ்டம்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் நேர்வழியில் போகலாம். பயணிகளும் அந்தப் பக்கம் சாய, இந்திய நிறுவனத்துக்கு இரட்டை அடி.

நம்ம ஊருக்கு என்ன?

சென்னையில் இருந்து துபாய், மஸ்கட் போகும் தொழிலாளர்களுக்குக் கவலை இல்லை. அந்த விமானங்கள் அரபிக்கடல் மேலேதான் போகின்றன. டெல்லி வழியாக அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள்தான் கவனிக்கணும். டிக்கெட் எடுக்கும் முன் மொத்தம் எத்தனை மணி நேரம், வழியில் எங்கே இறங்கும், அங்கே விமானம் மாறணுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1965 போருக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் சமாதான ஒப்பந்தம் போட்டது, 1966-ல், இதே தாஷ்கண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.