தென்னையில் ஏறுபவருக்கு யார் பொறுப்பு?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் தென்னை இல்லாத வளவு அரிது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இங்குள்ள தென்னைகளைப் பெருமளவில் சாய்த்தது. அதன்பின் நட்டவை இன்று நெடுமரங்களாகி நிற்கின்றன.

காய் பறிக்க வருபவர் தளைநாரையும் கத்தியையும் நம்பியே அவற்றில் ஏறுகிறார். மழைக்காலத்தில் மரம் வழுக்கும். உக்கிய மட்டை கையோடு வரும். வெட்டிய ஓலை மின்கம்பியில் விழும். விழுந்தவரை முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றினால், முறிந்த முள்ளந்தண்டு மேலும் சிதையக்கூடும்.

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் நம்மிடம் உண்டு. ஆனால் அது தொழில்தருநர் ஒருவரைத் தேடுகிறது. காலையில் ஒரு வளவு, மாலையில் வேறொரு வளவு என்று ஏறுபவருக்குத் தொழில்தருநர் யார்? கூலி கொடுத்ததோடு கடமை முடிந்ததென்றே நாம் எண்ணுகிறோம்.

கேரளத்தில் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய திட்டம், ஏறுவோருக்குப் பயிற்சியும் ஏறுகருவியும் விபத்துக் காப்புறுதியும் அளித்தது. நமது பிரதேச சபைகளும் ஏறுவோரைப் பதிவு செய்து, கூட்டுக் காப்புறுதி பெற்றுக்கொடுக்கலாம். தவணைப் பணத்தில் ஒரு பங்கை வளவுக்காரர் ஏற்பதே நியாயம். அதுவரை, ஈர மரத்தில் ஏறும்படி எவரையும் வற்புறுத்தாதிருப்போம். அதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.