கோப்பு இருக்கிறது, தமிழ் இல்லை

எந்தத் தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இன்று மேசைக்கு மேசை கணினி இருக்கிறது. ஈய எழுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. கணினி யுகத்துக்குள் காலடி வைத்துவிட்டோம் என்று ஆண்டு மலர்களில் பெருமையோடு எழுதிக்கொள்கிறோம். கணினிக்குள் தமிழ் காலடி வைத்துவிட்டதா என்று கேட்டால் மட்டும் பலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை எதிர்பார்த்தே இதை எழுதுகிறேன்.

குற்றச்சாட்டைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் அச்சகங்களும் 1990களிலிருந்து கணினியில் சேமித்து வைத்திருப்பவற்றிற் பெரும்பகுதி தமிழே அன்று. தமிழ் போலத் தோற்றமளிக்கும் ஆங்கிலக் குறிகளின் குவியல் அது. இதை அறியாதவர் எவரும் எமது தொழிலில் இல்லை. அறிந்துகொண்டே தொடர்கிறோம், அதற்குப் பழக்கம் என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்.

கணினித்துறை சாராத வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பாமினி என்ற எழுத்துருவை அறியாத ஈழத்து எழுத்தாளர் அரிது. பாமினியும் அதையொத்த பழைய எழுத்துருக்களும் செய்த காரியம் ஒன்றுதான். ஆங்கில எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தைக் கொண்டுவந்து வைத்தன. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். வன்தட்டிற் பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எம்மொழியும் அல்லாத பிதற்றல். 'தேசம்' என்று எழுதினால் முதலிற் கொம்பு பதிவாகும், பிறகுதான் தகரம். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கணினி திகைத்து நிற்கும். வேறு எழுத்துருவில் வந்த கட்டுரையோ வேறு குறிகளைக் கொண்டிருக்கும். ஒரே பத்திரிகையின் முதற் பக்கமும் விளையாட்டுப் பக்கமும் ஒன்றையொன்று வாசிக்க இயலாத இரு தனி உலகங்களாக இருந்த காலமும் உண்டு.

யூனிகோட் என்பது இதற்கு மாறானது. அதில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் தமக்கெனச் சொந்த எண்கள் உண்டு. எந்த எழுத்துருவில் காட்டினாலும் அகரம் அகரமே. இது நேற்று முளைத்த புதுமையன்று. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதைச் சாதாரண மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் 1326ஆம் இலக்கத் தரத்தின் மூலம் இந்நாட்டுத் தமிழ்க் கணிமைக்கு யூனிகோட்டையே அடிப்படையாக்கியது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஆணை பிறப்பித்தது. இவை அனைத்தும் நடந்து முடிந்த பிறகும், ஆசிரியபீடத்துக்கு வரும் மின்னஞ்சல்களில், சில அரச திணைக்களங்களின் கடிதங்கள் உட்பட, பாமினிக் கோப்புகள் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டிலிருந்து புறப்பட்ட அவருடைய மகன் திரும்பி வரவில்லை. நான்கைந்து வரிச் செய்தியாக அது பத்திரிகையில் வெளிவந்திருந்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுக்கும் கோவையில் அந்தச் செய்தியின் பிரதியை இணைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். "திகதி நினைவில்லைத் தம்பி. பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள். பேரைப் போட்டுத் தேடினால் கொம்பியூட்டரிலை வருமாம் எண்டு பேரன் சொன்னவன்" என்றார்.

பேரன் சொன்னது முற்றிலும் நியாயம். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைப்பான். அந்தப் பத்திரிகை அலுவலகத்து நண்பர்களும் மனமுவந்து உதவினர். இறுவட்டுகள் இருந்தன. 'பேஜ் 3', 'பேஜ் 3 நியூ', 'பேஜ் 3 லாஸ்ற்' என்ற பெயர்களில் நூற்றுக்கணக்கான கோப்புகளும் இருந்தன. பெயரைத் தமிழில் இட்டுத் தேட வழியில்லை. பாமினிக் குறிகளாக மாற்றித் தேடினோம். வேறு எழுத்துருவில் அமைந்த பக்கங்களில் அதுவும் பயனற்றுப் போயிற்று. சில இறுவட்டுகளைக் கணினி வாசிக்கவே மறுத்தது. கட்டிவைத்த தொகுதியில் அவ்விரு மாதங்களும் இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் குடாநாட்டில் கடதாசிக்கே தட்டுப்பாடு நிலவிய காலம் அது. மூன்று நாட்கள் பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தோம். கிடைக்கவில்லை. செய்தி அங்கே இல்லை என்று சொல்லவும் எங்களால் இயலவில்லை.

போர்க்காலத்தில் எமது நிருபர்கள் உயிரைப் பணயம் வைத்து எழுதிய பெயர்கள் அந்தக் கோப்புகளுக்குள் கிடக்கின்றன. இடம்பெயர்ந்தோர், காணாமற்போனோர், இறந்தோர், முகாம்களில் பிறந்தோர் என அத்தனை பேரும் எம், கே, அரைப்புள்ளி என்ற கோலத்தில் உறங்குகிறார்கள். நட்டம் யாருக்கு என்பதற்கு இதைவிட வேறு விடை என்னிடம் இல்லை.

இனி, வழக்கமான சமாதானங்களுக்கு வருவோம்.

வாசகனுக்குக் கடதாசியில் எழுத்துத் தெரிந்தாற் போதாதா என்பது முதலாவது. பத்திரிகை ஒரு நாளைக்கு மட்டும் உரிய பொருள் என்றால் போதும். ஆனால் நாம்தாமே அதை வரலாற்றின் முதல் வரைவு என்று மேடைகளில் முழங்குகிறோம்! மறுநாளே தேடிக் கண்டுபிடிக்க முடியாத வரைவினால் வரலாற்றாசிரியனுக்கு என்ன பயன்?

விரல் பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது இரண்டாவது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. விரலை எவரும் மாற்றச் சொல்லவில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினியின் அதே விசைப்பலகை ஒழுங்கில் தட்டச்சிடவிட்டு யூனிகோட்டைப் பதிவுசெய்யும். விரல் பழைய இடத்திலேயே நடமாடும். வன்தட்டில் மட்டும் தமிழ் ஏறும். இதை நிறுவுவதற்குத் தேவைப்படுவது ஒரு தேநீர் அருந்தும் நேரம்.

மாற்றிகள் இருக்கின்றனவே, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. மாற்றிகள் உண்மையிலேயே பேருதவி புரிந்தவை. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றிக்கு இணையத் தமிழ் பெருங்கடன் பட்டிருக்கிறது. ஆனால் மருந்து இருக்கிறது என்பதற்காக நோயை வளர்ப்பார் உண்டோ? பாமினிக் கோப்பில் ஆங்கிலச் சொல் எது, தமிழ்ச் சொல் எது என்று குறிகளை மட்டும் பார்த்து எந்த மாற்றியாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டுக்கும் குறிகள் ஒன்றே. ஐக்கிய நாடுகள் சபையைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலப் பேரெழுத்துகளை மாற்றியிலிட்டால் 'ரு' என்ற எழுத்தும் அநாதரவான ஓர் ஏகாரக் கொம்பும் வெளிவரும். இன்னொரு சேதமும் உண்டு. பழைய எழுத்துருக்களில் ளகரமும் ஔகாரத்தின் பின்பகுதியும் ஒரே குறி. ஆகவே 'மௌனம்' பல இடங்களில் 'மெளனம்' ஆகிவிட்டது. 'கௌரவம்' 'கெளரவம்' ஆகிவிட்டது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இணையத்திற் பரவிக்கிடக்கும் இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் நமது அலுவலகங்களின் பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.

பக்க வடிவமைப்பில் யூனிகோட் உடைந்துபோகிறது என்பது நான்காவது. இது ஒருகாலத்தில் உண்மை. இக்காரணத்தைச் சொன்ன பக்க வடிவமைப்பாளர்கள் மீது எனக்குக் குறையில்லை. கொம்பும் காலும் இடம்மாறி நின்ற பக்கங்களோடு நள்ளிரவில் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். ஆனால் 2012இல் வெளிவந்த இன்டிசைன் சி.எஸ்.6 தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சீராகக் கையாளத் தொடங்கிவிட்டது. பணம் கொடுக்க இயலாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது, 2017இன் 1.5.3 பதிப்பிலிருந்து அதுவும் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் செத்துக்கிடக்கும் காரணத்தை இன்னும் எத்தனை நாள் சுமப்பது?

கணினி நிறுவனங்களை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எமது பக்கங்களே சாட்சி. ஒரு தலைமுறைப் பத்திரிகைகளை வடிவமைத்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டதாக அடோபி அறிவித்தது. அதற்குப் பின் வந்த இன்டிசைன் பல ஆண்டுகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்துதவியது. அண்மைக்காலப் பதிப்புகள் திறப்பதில்லை. 2013இல், இனிப் புதிய பதிப்புகள் மாதச் சந்தாவுக்கு மட்டுமே என்று அதே நிறுவனம் கூறிவிட்டது. வாங்கி வைத்திருந்தோம், இப்போது வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரன் பூட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் எமது பொருளுக்கு எவர் பொறுப்பு? இணையத்திலும் இதுவே கதை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் தெரியும்படி எழுத்துருவை ஒட்டி வெளியிட்ட செய்தித்தளங்களை நினைவிருக்கிறதா? அந்த உலாவியை மைக்ரோசொவ்ற் 2022 ஜூனில் ஓய்வுபெறச் செய்துவிட்டது. அக்காலப் பக்கங்களை இன்று திறந்தால் கிடைப்பது ஆங்கில எழுத்துகளின் பிதற்றல்.

நிறுவனங்கள் இலாபத்துக்காக நடக்கின்றன. அவை அப்படித்தான் செய்யும். பல அலுவலகங்கள் அந்த மென்பொருளை விலைகொடுத்து வாங்கவுமில்லை என்பதால் அவர்களை ஏசுவதற்கு எமக்கு அதிக உரிமையும் இல்லை. ஆனால் எழுத்தைத் தமிழாகச் சேமித்திருந்தால், பக்கம் திறக்காமற் போனாலும் செய்தி பிழைத்திருக்கும். அந்தத் தெரிவு எமது கையில் இருந்தது.

இந்த மெத்தனத்தின் உச்சத்தைப் பாருங்கள். 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை அலகிட்டு ஏற்றிவருகிறார்கள். கணினியில் தட்டச்சிட்ட பத்திரிகையைக் கடதாசியில் அச்சிட்டு, அந்தக் கடதாசியைப் படம்பிடித்து, அந்தப் படத்தை எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்து, அது வாசித்த பிழைகளைத் திருத்தித்தான் மீண்டும் தமிழ் எழுத்தாக்க வேண்டியிருக்கிறது. கணினியிலிருந்து கணினிக்குப் போக இத்தனை காத வழி! தன்னார்வலர்களின் உழைப்பை வணங்குகிறேன். அந்த உழைப்பு தேவைப்பட்டதற்காக வெட்கப்படுகிறேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒவ்வோர் ஆண்டும் அதை நினைவுகூர்ந்து தலையங்கம் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தலையங்கத்தையே எவரும் தேடியெடுக்க முடியாத குறிகளில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்பது எவர் மனத்தையும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே அலுவலகங்களில் பழைய பெட்டிகளைக் கழிக்கும் படலம் நடக்கிறது. அந்தப் பெட்டிகளுக்குள் வன்தட்டு இருக்கிறது. வன்தட்டுக்குள் 1998ம் 2002ம் 2009ம் இருக்கின்றன. பழைய இரும்புக்காரனுக்கு அது நிறைக்கு விற்கும் பண்டம்.

ஆகவே பத்திரிகை முதலாளிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் கேட்பது இவ்வளவே. வன்தட்டைப் பிரதியெடுக்காமல் எந்தக் கணினியையும் வெளியே அனுப்பாதீர்கள். இறுவட்டுகளை, அவை இன்னும் வாசிக்கப்படும்போதே, வேறிடத்துக்கு மாற்றுங்கள். எழுத்துருக்களையும் உடன் வையுங்கள். அவை இல்லாவிட்டால் கோப்பு ஊமை. நாளை முதல் எழுதப்படும் ஒவ்வொரு செய்தியும் யூனிகோட்டில் எழுதப்படட்டும், பக்கம் எதில் அமைந்தாலும் சரி. பழையவற்றை மாற்ற இரண்டு இளைஞர்களை ஓராண்டுக்கு வேலைக்கு அமர்த்துங்கள். ஓர் ஆண்டு விழாவின் பந்தல் செலவுக்குள் இது அடங்கும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களே, ஊர்ப் பத்திரிகைக்கு விளம்பரமும் மரண அறிவித்தலும் அனுப்பும்போது ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். 2007 தை மாதத்துப் பத்திரிகையில் ஒரு பெயரைத் தமிழில் தேடித்தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.