விளையாட்டும் ஊழியமும்

விளையாட்டென்பது சிறாருக்கே உரியது. வயது முதிர்ந்து பொறுப்பேற்றோர்க்கு, விசேஷமாய்த் தேவ ஊழியத்தில் அமர்ந்தோர்க்கு, அஃது அடாது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். மாலையிற் பந்தாடும் உபாத்தியாயரையோ குருவானவரையோ கண்டால், "இவருக்கு வேறு வேலையில்லை போலும்" என்று நகைப்பாருமுண்டு. இவ்வெண்ணம் தவறென்பதே நம் கருத்து.

பழனிமலைமேலுள்ள கோடைக்கானலின் சரித்திரத்தைச் சற்று நோக்குவோம். மதுரை அமெரிக்கன் மிஷன் ஊழியர் 1845-ஆம் ஆண்டில் அங்கே சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளைக் கட்டினர். அவர்கள் மலையேறியது விளையாடுவதற்கன்று. சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பி உயிர்பிழைப்பதற்கே. பின்னர் 1890-இல் பற்பல சபைகளைச் சார்ந்த மிஷனெரிமார் ஒருங்குகூடிக் கோடைக்கானல் மிஷனெரி யூனியன் என்னும் சங்கத்தை நிறுவினர். ட்ரேசி ஐயரவர்களின் டென்னிஸ் களமே அவர்கள் முதன்முதல் ஆடிய இடம். 1923-இல் சங்கத்துக்கெனக் கட்டிடமும் களங்களும் திறக்கப்பட்டன.

இதன் பயன் உடல்நலம் மாத்திரமன்று. ஞானஸ்நான முறையிலும் சபையாளுகையிலும் ஒவ்வாத கொள்கையுடையோர், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியே ஆகவேண்டும். நித்திரை உடலைத் தேற்றும். விளையாட்டோ அகந்தையைத் தணிக்கும். பட்டமும் பதவியும் களத்தில் செல்லா. தலைமையாசிரியரும் தம் மாணாக்கனிடம் தோற்க நேரிடும். ஓயாதுழைப்பவர், தாம் நின்றால் தேவனுடைய வேலையும் நின்றுவிடுமென்று நாளடைவில் நம்பத் தொடங்குகிறார். உண்ணவும் நேரமின்றியிருந்த சீஷரைத் தனித்து வந்து இளைப்பாறுமாறு ஆண்டவரே அழைத்தாரன்றோ?

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. மோட்டார்ப் பாதை அமையுமுன், அம்மலைக்குச் சென்றோரிற் பலரை நாற்காலியிலும் டோலியிலும் சுமந்தேறியவர் நம் நாட்டுக் கூலியாட்களே. ஓய்வுநாட் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மறவாது சேர்த்துரைக்கின்றது. ஆதலின் பிறர் ஓய்வைப் பறித்து நாம் ஆடும் ஆட்டம் கிறிஸ்தவ விளையாட்டாகாது. சொற்பச் சம்பளமுள்ள உபதேசியாருக்கு மலையேறப் பணமில்லை. பகலெல்லாம் பள்ளியிற் கற்பித்து, மாலையில் அடுப்பங்கரை புகும் அவர் மனைவிக்கோ உட்காரவும் பொழுதில்லை. இவர்களுக்கும் விளையாட்டுக் கிட்டுவதெங்ஙனம்?

அதற்கு மலை வேண்டா, மனம் போதும். கோயில் முற்றத்தில் ஒரு வலை கட்டினால் பூப்பந்தாடலாம். கணவன் வீட்டுவேலையிற் பாதியை ஏற்றால், மனைவியும் அயலாருடன் பல்லாங்குழிக்கு உட்காரலாம். சபைக்கூட்டங்களிலொன்றைக் குறைத்து, அம்மாலையை எல்லாரும் கூடியாடுவதற்கு விடலாம்.

மீட்கப்பட்ட எருசலேமைக் கண்ட சகரியா தீர்க்கதரிசி, கோலூன்றிய முதியோரையும் விளையாடும் பிள்ளைகளையும் அந்நகர வீதிகளிலே கண்டார். கல்லூரி விட்டேகும் நம் மாணவர் எவ்வூரில் எப்பணி ஏற்பினும், தம் நாளில் ஒரு நாழிகையை விளையாட்டுக்கு ஒதுக்குக. அந்நாழிகை தம்மிடம் வேலை செய்வோர்க்கும் உண்டாவென்று பார்த்துக்கொள்க.